நூலைப் போல சேலை தானா?

(பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு விடுதி மாணவியர் அனைவருக்காகவும் அவர்களுள் ஒருத்தி எழுதியது)

"தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை" என்பார்கள். "விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்பார்கள். "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?" என்றும் கேட்பார்கள். தேர்வில் விளக்கம் எழுதச் சொன்னால் இம்மூன்று பழமொழிகளுக்கும் நாங்கள் மளமளவென்று எழுதி முழு மதிப்பெண் வாங்கிவிடுவோம். ஆனால் விடுதியில் தங்கிப் படிக்கும் எங்களுக்கு இவை வெறும் மதிப்பெண் விஷயம் அல்ல. ஏன் என்பதைத்தான் அன்பார்ந்த வாசகர்களாகிய உங்களுக்கு இம்மலரில் சொல்ல விரும்புகிறோம்.

எங்கள் வகுப்பில் விடுதி மாணவியர் 19 பேர். பாதிப் பேர் கடற்கரை ஊர்களிலிருந்து வந்தவர்கள். மீதிப் பேர் தேரிக்காட்டுப் பக்கமும் உப்பளத்துப் பக்கமும் உள்ள ஊர்களைச் சேர்ந்தவர்கள். ஒருத்தியின் தந்தை கடலுக்குப் போனவர் திரும்பவில்லை. ஒருத்தியின் தாய் நோயில் கிடந்து இறந்தபோது அவளுக்கு வயது நான்கு. குடி நுழைந்த வீடுகள் எத்தனை என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை, எண்ணாமலே தெரியும். விடுமுறை விட்டால் மற்ற மாணவியர் துள்ளிக் குதிப்பார்கள். எங்களில் சிலர் பெட்டி கட்டுவதைக் கடைசி மணி வரை தள்ளிப் போடுவோம். இதைப் படிக்கும் பெற்றோர் எங்கள் மீது இரக்கப்பட வேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. எங்களுக்கு இரக்கத்தை விடப் பதில்தான் வேண்டியிருந்தது.

பெற்றோர் தினத்தன்று பந்தலில் நாங்கள் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தோம். வந்திருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம் எங்களைக் காட்டி, "எல்லாம் குடிகாரன் பெத்த பிள்ளைங்க. சிஸ்டர்மார் படிக்க வைக்கிறாங்க. என்ன படிச்சு என்ன? நூலைப் போலத்தானே சேலை" என்றார். அவர் கெட்ட எண்ணத்தோடு சொன்னதாக எங்களுக்குத் தோன்றவில்லை. மழை வரும் போலிருக்கிறது என்று சொல்வது போலத்தான் சொன்னார். அன்றிரவு விளக்கு அணைத்த பிறகு எங்களில் ஒருத்தி இருட்டில் கேட்டாள்: "அவங்க சொன்னது நெசமாப்பா?" கோபத்தில் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். 18 பேரும் விழித்திருந்தோம். ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அந்தப் பதில், நாங்கள் நினைத்தே பார்க்காத ஓர் இடத்திலிருந்து வந்தது. பசிபிக் பெருங்கடலின் நடுவிலே, ஹவாய்த் தீவுக்கூட்டத்திலே, காவாய் என்று ஒரு சிறு தீவு இருக்கிறது. பச்சைப் பசேலென்று இருப்பதால் அதைத் தோட்டத் தீவு என்று அழைக்கிறார்கள். எங்கள் ஆண்டுத் தியானத்தின்போது, உளவியல் படித்த பழைய மாணவி ஒருவர் எங்களிடம் பேச வந்தார். பேசி முடித்து, "ஏதாவது கேட்கணுமா, பிள்ளைகளா?" என்றதும், இருட்டில் கேட்ட அதே கேள்வியை நாங்கள் வெளிச்சத்தில் கேட்டோம். அந்த அக்கா கொஞ்ச நேரம் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கரும்பலகையில் 1955 என்று எழுதினார்.

காவாய்த் தீவில் அந்த ஆண்டில் பிறந்த 698 குழந்தைகளை மருத்துவர்களும் உளவியலாரும் செவிலியரும் சமூகப் பணியாளரும் சேர்ந்து பின்தொடரத் தொடங்கினார்களாம். பின்தொடர்வது என்றால் ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. தாயின் கருவில் இருந்தபோதே குறிப்பெடுக்க ஆரம்பித்து 1 வயதில், 2 வயதில், 10 வயதில், 18 வயதில், பிறகு 30-ஐத் தாண்டியபோது, பின்னும் 40 வயதில் என்று தேடிப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். எம்மி வெர்னர் என்ற உளவியல் அம்மையார் ரூத் ஸ்மித் என்பவரோடு சேர்ந்து இவற்றைப் பல நூல்களாக எழுதினார். வெர்னர் 1929-இல் ஜெர்மனியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின் நடுவே சிறுமியாக இருந்தவர். பின்னர் அமெரிக்கா சென்று பேராசிரியையாகி 2017-இல் காலமானார். குண்டு விழும் ஊரில் வளர்ந்த ஒருவர்தான், துன்பத்தில் வளரும் பிள்ளைகள் என்ன ஆகிறார்கள் என்று வாழ்நாள் முழுவதும் தேடியிருக்கிறார் என்பது எங்களுக்கு மிகவும் பொருத்தமாகப் பட்டது.

தோட்டத் தீவு என்றதும் சினிமாவில் வரும் இடம் போல நினைத்துவிடக் கூடாது. கரும்புத் தோட்டத்திலும் அன்னாசித் தோட்டத்திலும் கூலி வேலைக்காக ஜப்பானிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் போர்ச்சுக்கலிலிருந்தும் கப்பலேறி வந்தவர்களின் சந்ததியினர்தாம் அங்கே பலர். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்கு நம்மவர் போன கதை எங்களுக்கு நினைவுக்கு வந்தது. அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய 200 பேரின் நிலைமை மோசம். வறுமை, பிரசவத்தில் சிக்கல், அதிகம் படிக்காத தாய், பெற்றோருக்குள் ஓயாத சண்டை, பிரிவு, குடி, மனநோய் ஆகியவற்றில் நான்கோ அதற்கு மேலோ, இரண்டு வயது ஆவதற்குள்ளேயே அவர்கள் தலையில் விழுந்திருந்தன. அந்த அக்கா இந்தப் பட்டியலைக் கரும்பலகையில் எழுத எழுத, எங்கள் பெஞ்சில் சிலர் விரல் மடக்கிக்கொண்டிருந்தார்கள்.

அந்த 200 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் 10 வயதிலோ 18 வயதிலோ ஏதோ ஒரு தொல்லையில் அகப்பட்டார்கள். படிப்பு வரவில்லை, திருட்டு, மனநலக் கேடு, சின்ன வயதிலேயே கர்ப்பம். "அப்படியானால் அவங்க சொன்னது சரிதானே, அக்கா?" என்று பின் வரிசையிலிருந்து ஒரு குரல். அக்கா, "மூன்றாவது பங்கை விட்டுட்டியே" என்றார். அந்த மூன்றாவது பங்கு 72 பேர். பெண்கள் 42, ஆண்கள் 30. அவர்களுக்கும் அதே வறுமை, அதே குடி, அதே சண்டைதான். ஆனாலும் அவர்கள் நன்றாகப் படித்து, வேலை பார்த்து, பிறரிடம் அன்பாயிருக்கும் பெரியவர்களாக வளர்ந்தார்கள். 40 வயதில் தேடிப் போய்ப் பார்த்தபோது அவர்களில் ஒருவர்கூட வேலையில்லாமல் இல்லை. ஒருவர்மீதும் வழக்கு இல்லை. ஒருவரும் அரசின் உதவித் தொகையை நம்பி வாழவில்லை. 72 பேரிலும் ஒருவர்கூட இல்லை என்றால் பாருங்கள்.

நூல் அதுவேதான். சேலை வேறாக வந்திருக்கிறது. இடையில் என்ன நடந்தது?

வெர்னர் அம்மையார் கண்டதில் சில, பிறவியிலேயே வருபவை. குழந்தை சிரித்த முகமாய், சுறுசுறுப்பாய் இருந்தால் பார்க்கிறவர்கள் தூக்குவார்கள், கொஞ்சுவார்கள். அது ஒரு கொடுப்பினை. அதற்கு யாரும் ஒன்றும் செய்வதற்கில்லை. அதனால் அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்கிறோம். பெரும்பாலும் அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும், தாய் தந்தையரிடம் கிடைக்காவிட்டாலும், நிதானமுள்ள பெரியவர் ஒருவராவது நெருக்கமாக இருந்திருக்கிறார். பாட்டி, தாத்தா, பெரியம்மா, சித்தி, மூத்த அக்கா இப்படி யாராவது. பிறகு வீட்டுக்கு வெளியே பிடித்தமான ஓர் ஆசிரியை, பக்கத்து வீட்டுக்காரர், நண்பனின் தாய், கோயிலில் பழக்கமான ஒருவர். பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாக ஒன்று சொல்லியிருக்கிறார்கள். "நீயே செய், உன்னால் முடியும்" என்று விட்டுக் கொடுத்து, அதே சமயம் விழுந்தால் தாங்குவதற்கு நம்பிக்கையான பெண் ஒருவர் இருந்த வீட்டுப் பெண்கள்தாம் நன்றாக வந்தார்களாம்.

இதைக் கேட்டதும் எங்களில் பலர் ஆச்சியை நினைத்தோம். பீடி சுற்றும் ஆச்சி, கருவாடு விற்கும் ஆச்சி, இரவில் சண்டை தொடங்கினால் "வா, நாம போய் வேப்பமரத்தடியில படுப்போம்" என்று பாயைச் சுருட்டிக்கொண்டு பேத்தியின் கையைப் பிடித்துப் போகும் ஆச்சி. அந்த ஆச்சிமார்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உளவியலார் 40 ஆண்டு பாடுபட்டுக் கண்டுபிடித்ததை அவர்கள் பாயோடு சேர்த்துச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

இன்னொன்று எங்களுக்குச் சிரிப்பாயும் வந்தது, பெருமையாயும் இருந்தது. அந்த 72 பேரில் பலருக்கு, சிறு வயதிலேயே வீட்டில் பொறுப்பான வேலை ஒன்று இருந்ததாம். தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது, சமைப்பது, தோட்டத்தைக் கவனிப்பது. "நான் இல்லாவிட்டால் இது நடக்காது" என்ற எண்ணமே ஒரு பிள்ளையை நிமிர்ந்து நிற்க வைக்கிறது என்று அக்கா சொன்னார். சனிக்கிழமைதோறும் விடுதிச் சமையற்கட்டில் மூட்டை வெங்காயம் உரித்துக் கண்ணீர் வடிக்கும் எங்களுக்கு இது புதுச் செய்தி. அன்று முதல் மேட்ரன் அக்கா வெங்காயக் கூடையைத் தூக்கி வந்தால், "இதோ வருது மனநலம்!" என்று யாராவது ஒருத்தி கத்துகிறாள். ஆனால் இதற்கும் ஓர் அளவு உண்டு. பத்து வயதுப் பெண் பள்ளிக்கூடம் போகாமல் குடும்பத்தையே சுமப்பது பொறுப்பு அல்ல, பாரம். அந்த வித்தியாசம் எங்களில் சிலருக்கு நன்றாகவே தெரியும்.

படிப்பும் சொல்லப்பட்டிருக்கிறது. 10 வயதில் தட்டுத் தடுமாறாமல் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் பின்னாளில் தப்பித்திருக்கிறார்கள். முதல் மதிப்பெண் வாங்க வேண்டும் என்பதில்லை. பெரிய மேதைகளும் அல்லர் அவர்கள். கிடைத்த திறமையை வைத்துக்கொண்டு ஏதோ ஒன்றை ஆசையோடு செய்தார்கள். அந்த ஒன்று, வீட்டில் எல்லாம் உடைந்து விழும்போது போய் ஒதுங்க ஓர் இடமாக இருந்தது. தெய்வ நம்பிக்கையும் அப்படியே. புத்தர் கோயிலுக்குப் போனவர்களும் இருந்தார்கள், நம்மைப் போல ஆலயத்திற்குப் போனவர்களும் இருந்தார்கள். பட்டதற்கெல்லாம் ஓர் அர்த்தம் உண்டு என்று நினைக்க முடிந்ததுதான் அவர்களுக்கு உதவியது என்கிறார் வெர்னர் அம்மையார்.

இனி, தொல்லையில் அகப்பட்ட அந்த மற்ற இரண்டு பங்கினரைப் பற்றி. எங்களைக் கேட்டால், இந்தக் கதையில் மிகவும் நல்ல இடம் இதுதான். 18 வயதில் "இவன் அவ்வளவுதான்", "இவள் கெட்டாள்" என்று முத்திரை குத்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் 30-லும் 40-லும் மீண்டு எழுந்திருக்கிறார்கள்! சிலர் விட்ட படிப்பை மாலைக் கல்லூரி போன்ற ஊர்க் கல்லூரிகளில் தொடர்ந்து படித்தார்கள். சிலர் படையில் சேர்ந்து ஒழுங்கும் தொழிலும் கற்றார்கள். சிலருக்கு நிதானமான துணை வாய்த்தது. சிலர் ஒரு சபையோடு இணைந்தார்கள். சாகும் அளவுக்கு நோய் வந்து பிழைத்த பிறகு மாறியவர்களும் உண்டு. சிறு வயதில் தாயான பெண்களில் பலர் பிறகு படித்து, வேலைக்குப் போய், நல்ல நிலைக்கு வந்துவிட்டார்கள். ஐந்தில் வளையாதது முப்பதில் வளைந்திருக்கிறது. எல்லாரும் மீண்டார்கள் என்றும் சொல்லிவிட முடியாது. மனநோயோ குடியோ இளவயதிலேயே இறுகப் பிடித்துக்கொண்டவர்கள் சிலர் கடைசி வரை துன்பப்பட்டார்கள்.

நன்றாக வந்த 72 பேருக்கும் எல்லாம் இனிப்பாக இருக்கவில்லை. மன இறுக்கத்தால் உடல் உபாதைகள் சிலருக்கு இருந்தன. சிலர் பெற்றோரிடமிருந்து தள்ளியே வாழ்ந்தார்கள். அருகில் போனால் மறுபடியும் அந்தச் சுழலுக்குள் இழுக்கப்படுவோம் என்று விலகி நின்றார்கள். "தாய் தந்தையரை மதித்து நட" என்று கற்பிக்கப்பட்ட நாங்கள் இதைக் கேட்டுத் திகைத்தோம். அன்று மாலை எங்கள் விடுதி சிஸ்டரிடம் போய், "விலகி இருப்பது பாவமா, சிஸ்டர்?" என்று கேட்டோம். சிஸ்டர், "மதிக்கிறதுன்னா அடி வாங்கிட்டு நிக்கிறதுன்னு எந்தக் கட்டளையிலயும் இல்ல பிள்ளைகளா" என்றார். பிறகு வராந்தாவிலுள்ள அறிவிப்புப் பலகையில் பெரிதாக எழுதியிருக்கும் 1098 என்ற எண்ணைக் காட்டினார். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் யாரும் எந்நேரமும் அழைக்கக்கூடிய எண் அது. துன்பம் பிள்ளைகளைப் புடம் போடுகிறது, அதனால் கொஞ்சம் கஷ்டப்படட்டும் என்று பெரியவர்கள் யாராவது இக்கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்டால், அது நாங்கள் சொல்ல வந்ததற்கு நேர் எதிரானது. அந்த 72 பேரைத் துன்பம் வளர்க்கவில்லை; துன்பத்தின் நடுவே கிடைத்த மனிதர்கள் வளர்த்தார்கள்.

நகரத்திலிருந்து வந்து போகும் எங்கள் வகுப்புத் தோழியருக்கும் ஒரு செய்தி உண்டு. அமெரிக்காவில் சான் டியாகோ நகரில் 1995 முதல் 1997 வரை 17,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களிடம், சிறு வயதில் வீட்டில் அடி, அவமானம், குடி, பிரிவு போன்றவை இருந்தனவா என்று கேட்டிருக்கிறார்கள். வின்சென்ட் ஃபெலிட்டி, ராபர்ட் ஆண்டா என்ற இரு மருத்துவர்கள் அதன் முதல் முடிவுகளை 1998-இல் வெளியிட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மருத்துவக் காப்பீடு உள்ள, ஓரளவு வசதியான குடும்பத்தினர். அப்படியும் மூவரில் ஏறக்குறைய இருவர் ஒன்றுக்காவது "ஆம்" என்றார்களாம். "ஆம்" கூடக் கூட, பின்னாளில் மனச்சோர்வும் நோயும் கூடின. ஆகவே இது கூரை வீட்டுச் சங்கதி மட்டும் அல்ல. மாடி வீட்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு அழுகிறார்கள்.

அக்கா ஊருக்குப் போகுமுன் ஒரு தாளை விட்டுச் சென்றார். அதில் ஏழு கேள்விகள். விஸ்கான்சின் என்ற அமெரிக்க மாநிலத்தில் 6,188 பெரியவர்களிடம் 2015-இல் கேட்கப்பட்டவை, 2019-இல் வெளியானவை. சிறு வயதில் உன் மனத்தில் இருப்பதை வீட்டாரிடம் சொல்ல முடிந்ததா? கஷ்ட காலத்தில் வீட்டார் உன் பக்கம் நின்றார்களா? வீட்டிலுள்ள ஒரு பெரியவரால் நீ பாதுகாப்பாக உணர்ந்தாயா? ஊர்த் திருவிழாக்களிலும் வழக்கங்களிலும் மகிழ்ச்சியாய்க் கலந்துகொண்டாயா? உயர்நிலைப் பள்ளியில் "இது என் இடம்" என்று உணர்ந்தாயா? தோழர்கள் துணை நின்றார்களா? பெற்றோர் அல்லாத இரண்டு பெரியவர்களாவது உன்மேல் உண்மையான அக்கறை காட்டினார்களா? இந்த ஏழில் ஆறு அல்லது ஏழுக்கு "ஆம்" என்றவர்களில் 100-க்கு ஏறத்தாழ 13 பேருக்கே மனச்சோர்வோ மனநலக் குறைவோ இருந்தது. இரண்டும் அதற்குக் கீழும் சொன்னவர்களில் 100-க்கு 48 பேருக்கு இருந்தது. வீட்டில் பட்ட துன்பங்களைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பிறகும் இந்த வித்தியாசம் நின்றது. பெரியவர்கள் பழையதை நினைவிலிருந்து சொன்னதுதான் இது, அதனால் கல்லில் எழுதியதாக நினைக்க வேண்டாம் என்றும் அக்கா எச்சரித்தார்.

எங்களுள் கணக்கில் கெட்டிக்காரி ஒருத்தி அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டேயிருந்துவிட்டு, "ஏய், ஏழுல மூணுதான் வீடு. நாலு வெளிய இருக்கு" என்றாள். படிப்பு அறையே அமைதியாகிவிட்டது. நாங்கள் எங்கள் விதி முழுவதும் வீட்டில் இருப்பதாகவே நினைத்திருந்தோம். திருவிழா, பள்ளி, தோழியர், இரண்டு பெரியவர்கள் ஆகிய நான்கும் இந்த மதில் சுவருக்குள்ளேயே இருக்கின்றனவே!

சீட்டு எழுதிப் பார்ப்பது என்று முடிவாயிற்று. பெயர் போடக் கூடாது. அந்த நான்குக்கும் பதில் எழுதி, "இரண்டு பெரியவர்கள்" என்ற இடத்தில் யார் யார் என்று குறிக்க வேண்டும். பழைய பிஸ்கட் டப்பாவில் 19 சீட்டுகள் விழுந்தன. படித்துப் பார்த்தால் ஆச்சரியமாக இருந்தது. நாங்கள் எதிர்பார்த்தபடி ஆசிரியைகள் பெயரும் சிஸ்டர்கள் பெயரும் இருந்தன. ஆனால் சமையல் அக்காவின் பெயர் ஏழு சீட்டுகளில் இருந்தது. "காய்ச்சல் வந்தப்ப மிளகு ரசம் வச்சுத் தந்தாங்க" என்று ஒருத்தி காரணமும் எழுதியிருந்தாள். வாயிற்காவலர் தாத்தா மூன்று சீட்டுகளில் இருந்தார். விடுமுறை முடிந்து வரும் ஒவ்வொருத்தியையும் முகம் பார்த்து, "சாப்பிட்டியா தாயி?" என்று கேட்காமல் அவர் கதவு திறப்பதில்லை. இச்செய்தியைச் சொன்னதும் சமையல் அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். தாத்தாவோ, "எம் பேரையா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

ஒரு சீட்டில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

யாருடையது என்று தேடக் கூடாது என்றுதான் பெயரில்லாமல் எழுதினோம். ஆனால் அன்றிரவு அவளாகவே சொன்னாள்: "அது என் சீட்டு." பெற்றோர் தினத்தன்று இருட்டில் அந்தக் கேள்வியைக் கேட்டவளும் அவளே. அவள் சம்மதித்த பிறகே இதை எழுதுகிறோம். அவள் ஒன்பதாம் வகுப்பில்தான் இங்கு வந்து சேர்ந்தாள். அதற்கு முன் நான்கு பள்ளிகள், மூன்று ஊர்கள். எங்கும் ஒருவரோடு ஒட்டுவதற்குள் கிளம்ப வேண்டியிருந்தது. இப்போதும் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் மில் வேலைக்கு அனுப்பிவிடுவதாக அவள் வீட்டில் பேச்சு. "எனக்கு ரெண்டு பேர் வேணாம். பதினொன்னாம் வகுப்பு மட்டும் போதும்" என்றாள்.

ருமேனியா நாட்டைப் பற்றியும் அக்கா சொல்லியிருந்தார். 1989-இல் அங்கே ஆட்சி கவிழ்ந்தபோது ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு இல்லங்களில் இருந்ததாக உலகுக்குத் தெரிய வந்தது. சோறு உண்டு, கட்டில் உண்டு. பெயர் சொல்லிக் கூப்பிட்டு மடியில் வைத்துக்கொள்ள ஆள் இல்லை. பின்னர் புக்கரெஸ்ட் நகரில் 136 குழந்தைகளை எடுத்து, அவர்களில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்துப் பார்த்தார்கள். குடும்பத்திற்குப் போன பிள்ளைகள் தேறினார்கள். இரண்டு வயதுக்குள் போனவர்கள் இன்னும் நன்றாகத் தேறினார்கள். இதைக் கேட்டபோது, வரிசையாகக் கட்டில் போட்ட எங்கள் விடுதி அறையையே நாங்கள் திரும்பிப் பார்த்தோம். எங்கள் விடுதி அப்படிப்பட்டது அல்ல. ஆனால் கட்டில் வரிசை மட்டும் இருந்தால் எதுவும் அப்படி ஆகிவிடலாம். வெறுமையான அந்தச் சீட்டு எங்களுக்கு அதைத்தான் சொல்லிற்று.

மறுநாள் நாங்கள் ஐந்து பேர் அவளோடு சேர்ந்து விடுதி சிஸ்டரைப் பார்த்தோம். நாங்கள் பேச வேண்டியிருக்கவில்லை. அவளே எல்லாவற்றையும் சொன்னாள். சிஸ்டர் நடுவே ஒன்றும் பேசாமல் கேட்டுவிட்டு, "இதை நீ என்கிட்ட முன்னாடியே சொல்லக்கூடாதான்னு கேக்க மாட்டேன். இப்ப சொல்லிட்ட இல்ல" என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சிஸ்டரும் எங்கள் கணக்கு ஆசிரியையும் இரண்டு பேருந்து மாறி அவள் ஊருக்குப் போனார்கள். தாயார் அளத்தில் வேலையாக இருந்தாராம். மூவரும் உப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றே பேசியிருக்கிறார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டம் தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கியது; இப்போது அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு என்று கணக்கு ஆசிரியை எடுத்துச் சொன்னாராம். தாயார், "யோசிச்சுச் சொல்லுதேன் சிஸ்டர்" என்று மட்டும் சொன்னார். அதிலும் நியாயம் இருக்கிறது. வீட்டில் அவருக்கு அவள் மட்டும் அல்ல. இன்னும் மூன்று பேர்.

இதற்கிடையில் விடுதியில் ஒரு புது ஏற்பாடு. ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த 11 பிள்ளைகளுக்கு, மாலைத் தேநீருக்குப் பிறகு அரை மணி நேரம் வாசிக்கச் சொல்லித் தருகிறோம். காவாய்த் தீவில் 10 வயதில் வாசிக்கத் தெரிந்தவர்கள் தப்பித்தார்கள் அல்லவா? நம் பிள்ளைகளுக்கு 11 வயது ஆகிவிட்டது, ஆனாலும் ஒன்றும் கெட்டுவிடவில்லை என்று சிஸ்டர் அனுமதி கொடுத்தார். அவர்களில் ஒரு சிறுமி வந்த நாள் முதல் வாய் திறந்ததில்லை. "பேரு என்னம்மா?" என்றால்கூடத் தரையைப் பார்ப்பாள். அவளை யார் ஏற்பது என்று நாங்கள் தயங்கியபோது, வெறுமைச் சீட்டுக்காரி எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் வாரம் இருவரும் ஒரு வார்த்தையும் பேசியதாகத் தெரியவில்லை. இவள் வாசிப்பாள், அவள் விரலால் வரியைத் தொட்டுக்கொண்டே வருவாள். மூன்றாம் வாரத்தில் ஒரு நாள், கெபிக்கு அருகில் மாமரத்தடியிலிருந்து கீச்சுக் குரல் ஒன்று கேட்டது. "அக்கா, நீங்க தப்பா வாசிக்கிறீங்க." திரும்பிப் பார்த்தோம். அந்தச் சிறுமிதான்! எங்கள் தோழி வேண்டுமென்றே தப்பாக வாசித்தாளா என்று கேட்டோம். சிரித்தாளே தவிர, சொல்ல மறுத்துவிட்டாள்.

ஹாஸ்டலில் மறுபடியும் சீட்டு எழுத வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். வேண்டாம் என்று விட்டுவிட்டோம். யார் யாருக்கு யார் என்பது இப்போது சீட்டில்லாமலே ஓரளவு தெரிகிறது. அவளும் ஒரு நாள் இரவு, தூங்கப் போகும்போது, "கணக்கு டீச்சர் அளத்துல செருப்பைக் கழற்றிட்டு நின்னாங்களாம், கால் எரிஞ்சிருக்கும்" என்று யாரிடமும் சொல்லாதது போலச் சொன்னாள்.

பெற்றோர் வருகை நாள் வரும் ஞாயிற்றுக்கிழமை. இம்மலர் அச்சுக்குப் போகும் இன்று வரை அவள் தாயாரிடமிருந்து பதில் வரவில்லை. வருவதாக மட்டும் சொல்லியனுப்பியிருக்கிறார். வாயிற்காவலர் தாத்தாவிடம் சொல்லி வைத்திருக்கிறோம்.